பத்து இலக்கக் கொலை

நெய்யாற்றில் கழுத்தளவு தண்ணீரில் நின்று சொல்லச் சொன்னாலும் சொல்வேன்... இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை!

"எங்கம்மோ... வாத்தியாரு செத்துக் கெடக்காரே!"

வேலைக்காரி சரசம்மாவின் அலறலில் ஆரியங்கோட்டு ரப்பர் மரங்கள் பால் சுரப்பதை நிறுத்தின.

ஈஸ்வரமூர்த்தி. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் அம்மிக்குழவி!

மாலை நான்கு மணி.

இன்ஸ்பெக்டர் அகிலேஷ் வந்தார். மதியம் வீட்டில் இருந்தது இரண்டே பேர். மகள் சுஜா... மருமகன் ரமணன்.

"ரெண்டு மணி தொட்டு எங்க இருந்தீரு?"

"மாடியில கணக்கு போட்டோண்டு இருந்தேன், சார்," என்றான் ரமணன்.

"இந்த வயசிலயா?"

"மாமா தந்த நம்பராக்கும். இத மீதி இல்லாம வகுக்குற ஒரு நம்பர கண்டுபிடி, அப்பதான் நீ எனக்கு மருமவன்னாரு. எட்டு வருசமா தெனம் ஒரு பரீட்சை, சார்..."

காகிதத்தை நீட்டினான்.

2147483647!

கீழே நூறு வகுத்தல்கள். எல்லாவற்றிலும் மீதி!

அகிலேஷ் சுஜாவிடம் திரும்பினார். "அப்போ கீழ உண்டாயிருந்தது நீ மட்டும்."

சுஜா கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவள். 'பொம்பளைக்கு எதுக்கு காலேஜ்?' என்று பதினெட்டிலேயே அவளை ரமணனுக்குக் கட்டி வைத்தார் அப்பா.

விலங்குக்கும் அவள் கைக்கும் ஒரு சாண்தான்...

"சார், அந்த மொத வரிய வாயிங்க," என்றாள் சுஜா.

"மூணால வகுத்தா மீதி ஒண்ணு," என்று வாசித்தார் அகிலேஷ்.

"அங்கதான் கள்ளம்! இலக்கமெல்லாம் கூட்டி வாறது மூணால வகுபட்டா, நம்பரும் வகுபடும். ரெண்டு, ஒண்ணு, நாலு, ஏழு..." விரல் பறந்தது. "ஆகெ நாப்பத்தஞ்சு! நெசமா வகுத்தவன் மொத வரியிலயே எந்திச்சிருப்பான். இது சும்மா கிறுக்குனதாக்கும்!"

"எட்டீ... நான் வகுத்தேன்! மீதி வந்ததுடீ!"

அகிலேஷ் பத்தாம் வகுப்புக் கணக்கை மூன்றாம் முறையில் தாண்டியவர். வாத்தியார் மகள் முன்னால் ஃபோனில் கால்குலேட்டரைத் திறக்க வெட்கம்!

"எனக்கும் அப்பவே தோணிச்சு," என்றார் கம்பீரமாக. "மாமனாரு வீட்டுல இருந்தது போரும். ஏறு மக்கா ஜீப்புல!"

சுஜா வாசல்வரை வந்தாள்.

"அங்க நெறைய நேரம் உண்டு. இருந்து வகுத்துப் பாருங்க."

ஆயுள் தண்டனை. கோர்ட்டிலும் ஒருவரும் கூட்டிப் பார்க்கவில்லை.

2147483647 ஒரு பகா எண். அதன் இலக்கங்களைக் கூட்டினால் வருவது நாற்பத்தாறு!