எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்ட்

நிர்மலாதேவி மவுஸிலிருந்து கையை எடுத்த பிறகும் திரையில் அம்புக்குறி நகர்ந்தது.

பாயா ரும்புட்டில் இருந்த வீட்டின் கூரையில் ஞாயிறு மதிய மழை சரளைக்கல்லாய்க் கொட்டிக்கொண்டிருக்க, அடுப்பில் கொதித்த ரசத்தின் மிளகு நெடி கூடம்வரை வந்து தொண்டையைக் கமறவைத்தது. மடிக்கணினியில் தெரிந்ததோ புக்கிட் ரம்பாய் ரப்பர் தொழிற்சாலையின் அலுவலகக் கணினி. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு விபிஎன் போடலாமா, பிரவுசரிலேயே அந்தக் கணினியைத் திறந்துகொள்ளலாமா என்று முதலாளி கேட்டபோது, பிரவுசர் என்று சொன்னவள் அவள்தான். விபிஎன் என்றால் கம்பெனி தரும் மடிக்கணினியிலிருந்து மட்டும்தான் நுழைய முடியும். இதில் எங்கிருந்தும் நுழையலாம். பாஸ்வேர்டை வாட்ஸ்அப் குழுவில் போட்டவளும் அவளே.

ரப்பரை உருளைகளுக்கிடையே நசுக்கித் தகடாக்கும் அரவை இயந்திரத்தை ஓட்டுவதும் அந்தக் கணினிதான். ஞாயிறுகளில் அவள் கணவன் சுகுமாரன் தனியாகப் போய் உருளைகளைத் துடைப்பான். "கொஞ்சம் சுத்து" என்று அவன் கைபேசியில் சொல்ல, இவள் வீட்டிலிருந்தே பச்சைப் பொத்தானை அழுத்துவாள். அதற்காகவே அவன் மெயின் சுவிட்சை அணைப்பதில்லை.

"என்னங்க, ஆபீஸ்ல யாராச்சும் இருக்காங்களா?"

"ஞாயித்துக்கெழம யாரு வருவா? பேய்கூட ஓவர்டைம் கேக்கும் லா!" அவன் சட்டைப்பையில் இருந்த கைபேசி வழியே சிரிப்பு கேட்டது. "ரசம் வச்சிட்டியா?"

திரை ஓரத்தில் இரண்டு கேமராப் படங்கள். ஒன்றில் அவன், உருளைகளுக்கு நடுவே முழங்கைவரை நுழைத்தபடி. மற்றதில் அலுவலக மேசை. காலி நாற்காலி. மேசைமேல் மவுஸ், தானாக ஊர்ந்துகொண்டிருந்தது.

"கைய எடுங்க!"

"இரு லா, இன்னொரு துண்டு ஒட்டிருக்கு."

"எடுங்கன்னு சொல்றேன்ல!"

அம்புக்குறி பச்சையை நோக்கிப் போனது. அவள் இழுத்தாள். அதுவும் இழுத்தது. அவள் விரல்களின்மேல் இன்னொரு கை படிந்திருப்பதுபோல் கனம். ஈரக் குளிர்.

வைஃபை பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். பெட்டியின் விளக்கு அணைந்தது.

தொழிற்சாலை திரையை விட்டுப் போகவில்லை.

பச்சை.

கூடம் முழுக்க எலும்பு முறிந்தது. "நிர்மலா" என்று ஒருமுறை கேட்டது. அப்புறம் அலறல். பிறகு வெறும் இயந்திரம். சட்டைப்பையின் முறை வந்தபோது அழைப்பு அறுந்தது.

அம்புக்குறி வேகக் கட்டத்துக்குப் போனது. அங்கிருந்த ஒன்று என்ற எண்ணை அழித்தது. ஐந்து என்று எழுதியது.

உருளைகளுக்குக் கீழே, ரப்பர் தகடுபோல் மெல்லிசாய், சிவப்பாய், பொத்தான்கள் பதிந்த ஒன்று மடிப்பு மடிப்பாக இறங்கிக்கொண்டே இருந்தது.