ஆம்புலன்ஸ் இருந்த இடத்தில் ஒரு காலிச் சதுரம்

போன் அலறியது.

காலை ஒன்பது பத்து. முதல் வாய் காபி இன்னும் தொண்டையைத் தாண்டவில்லை.

"மாமா... ஆம்புலன்ஸைக் காணோம்!"

மனைவியின் தம்பி. அதே ஆபீஸ், மேல் மாடி. ஆஸ்பத்திரி வெப்சைட் அவன் பொறுப்பு.

"காணாமப் போனா போலீசுக்குப் போடு. எனக்கு எதுக்குடா போடுற?"

"ஐகான் மாமா! அவசர உதவிப் பட்டன்ல சின்னதா ஒரு ஆம்புலன்ஸ் படம் இருக்குமே... அந்த இடத்துல வெறும் காலிச் சதுரம்!"

ஐகான்காரருக்குக் காபி கசந்தது.

ஆபீஸ் கையில் பதினான்கு வெப்சைட்டுகள். அத்தனைக்கும் பொதுவாக ஒரே ஐகான் லைப்ரரி. கட்டி மேய்ப்பவர் இவர் ஒருவர்தான். வீடு, பூட்டு, குப்பைத்தொட்டிப் படங்கள்... எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் நன்றி சொன்னதில்லை. ஒன்று தொலைந்தால் மட்டும் பதினான்கு பேரும் கழுத்தில் துண்டைப் போடுவார்கள்!

லைப்ரரியைத் திறந்தார்.

ஆம்புலன்ஸ் இல்லை. வெள்ளிக்கிழமையே யாரோ அழித்திருந்தார்கள்!

நேரே மானேஜர் அறை.

"எவனோ வேணும்னே கை வச்சிருக்கான் சார்! நாலு வருஷமா கரடியா கத்தறேன், ஒருத்தராவது மதிக்கிறாங்களா? அழிச்சது யாரா இருந்தாலும் இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பணும்!"

"ஆளைக் காட்டுங்க, அனுப்பறேன். பன்னிரண்டு மணிக்குள்ள."

"சாயங்காலம் வரைக்கும்..."

"ஒரு மணி. அதுக்கு மேல படியாது."

முதல் சந்தேகம் டிசைனர் அம்மாள் மேல்.

"அந்த ஆம்புலன்ஸ் தீப்பெட்டி மாதிரி இருக்குன்னு சொன்னது நீங்கதானே?"

"இப்பவும் சொல்றேன். அதுக்காகக் கொலையா பண்ணுவேன்? யார் அழிச்சதுன்னு பதிவுலயே இருக்குமே... பார்த்தீங்களா?"

கோபத்தில் அதைப் பார்க்கவே இல்லை!

பார்த்தார்.

அழித்தது மனிதன் அல்ல. துப்புரவுப் புரோகிராம்! யாரும் உபயோகிக்காத ஐகான்களை வெள்ளிதோறும் தேடிப் பிடித்து அழிப்பது. அதை எழுதியவர்...

அவரேதான்! போன வாரம், மார்தட்டிக்கொண்டு!

மேல் மாடிக்கு ஓடினார்.

"மாப்ளே! உன் கோடிங்ல ஆம்புலன்ஸ் பேரே இல்லேங்குதே?"

"முழுசா இருக்காது மாமா. பேரை ரெண்டு துண்டா வச்சிருக்கேன். பக்கம் திறக்கறப்ப ஒட்டிக்கும்."

"துண்டா வச்சா என் புரோகிராமுக்கு எப்படிடா கண்ணு தெரியும்?"

"துப்புரவுப் புரோகிராம் விட்டதை நீங்க யார்கிட்ட சொன்னீங்க? அக்காகிட்டகூட மூச்சு விடலையே!"

ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. மறுபடி மானேஜர் அறை.

"கொலைகாரன் கிடைச்சானா?" என்றார் மானேஜர்.

"கிடைச்சான் சார்..." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நான்தான்."

மானேஜர் சிரிக்கவில்லை.

"பேச்சு பேச்சா இருக்கணும். ஆபீஸ் சைட்ல ராஜினாமா போட்டுட்டுக் கிளம்புங்க."

மவுஸைப் பிடித்தார். போட்டார். சைட்டிலிருந்து வெளியேற, மூலையில் இருக்கும் கதவுப் படத்தைத் தேடினார்.

கதவு இல்லை.

காலிச் சதுரம்!

அந்தப் பக்கத்தையும் எழுதியவன் மைத்துனன்தான்... அதே இரண்டு துண்டு!

மானேஜர் எட்டிப் பார்த்தார். நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டார். ராஜினாமாவைத் தானே அழித்தார்.

"இன்னும் எத்தனை செத்திருக்கோ! உங்களை அனுப்பிட்டு நான் யாரைத் தேடறது? உட்காருங்க. ஒவ்வொண்ணா திருப்பி வைங்க..."

"கதவை முதல்ல வைக்கட்டுமா சார்?"

"ஆம்புலன்ஸை வைங்க. எனக்குத் தேவைப்படும் போலிருக்கு!"