மலைவீட்டில் தங்கிய ஏழு நாள்

மூன்று இடங்களில் ஏழேழு நாள் தங்கி முடித்துவிட்டு, காலை பதினொன்றேகாலுக்குச் செண்பகம் நாற்காலியிலிருந்து எழுந்தாள். உட்கார்ந்தது பதினோரு மணிக்கு. கன்னமெல்லாம் நனைந்திருந்தது. பக்கத்து நாற்காலியில் அவள் கணவன் தணிகைவேல் தலையில் மாட்டியிருந்த வலைத்தொப்பியைக் கழற்றாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்த இடம் பிடிச்சுது மேடம்? கடலா, ஆறா, மலையா?" என்று கேட்டாள் ஷெரின். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிற பெண்.

செண்பகம் அறை முழுக்கத் தேடிவிட்டுக் கேட்டாள்: "பாப்பா எங்க?"

அரக்கோணத்துக்கு முன்நினைவி வந்து நாலு வருடமாகிறது. அதற்கு முன்பு வெளியூரில் அறை எடுப்பதென்றால் படத்தைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். படத்தில் நீச்சல் குளம் கடல் மாதிரி இருக்கும், போய்ப் பார்த்தால் மாட்டுத் தொட்டி மாதிரி இருக்கும். முன்நினைவி அந்த வம்பையெல்லாம் ஒழித்தது. ஓர் இடத்தின் மழை, வெயில், சமையல், கொசு எல்லாவற்றையும் அது அறியும். உங்கள் மனதையும் படிக்கும். அங்கே தங்கித் திரும்பினால் உங்களுக்கு என்ன நினைவு மிஞ்சுமோ அதைக் கணக்கிட்டு, முன்கூட்டியே மூளையில் வைத்துவிடும். இடத்துக்கு ஐந்து நிமிடம். போர்னியோ மாதிரி, தமிழ்நாட்டைவிட ஐந்து மடங்குக்கும் மேல் பெரிய தீவுக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய உபகாரம். தவறான மூலையில் அறை எடுத்துவிட்டு விடுமுறை முழுக்கப் பெண்டாட்டியிடம் பாட்டு வாங்க வேண்டியதில்லை.

நாலு பேருக்கு அறை எடுத்துவிட்டு ஏழு பேராகப் போய் இறங்குவது நம் ஆட்களின் வழக்கம். அதனால் எத்தனை பேர் வருகிறீர்கள் என்று முன்நினைவி யாரையும் கேட்பதில்லை. குடும்ப அட்டையிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். தணிகைவேலின் குடும்ப அட்டையில் மூன்று பெயர்கள் இருந்தன. அவன், செண்பகம், மகள் நிறைமதி.

நிறைமதி இறந்து மூன்று வருடமாகிறது. ஒன்பது வயதில், ஐந்து நாள் காய்ச்சலில் போனாள். கடைசி இரண்டு நாளும் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். இவர்கள் இந்தப் பக்கம் நின்றார்கள். பெயரை நீக்குவதற்கு இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு தணிகைவேல் இரண்டு முறை வட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போனான். இரண்டு முறையும் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும், அடுத்த ஆளுக்கு வழி விட்டுத் திரும்பிவிட்டான்.

இயந்திரத்துக்கு இதெல்லாம் தெரியாது. அட்டையில் இருந்த பிறந்த தேதியைப் பார்த்துப் பன்னிரண்டு வயது என்று கணக்குப் போட்டது. குரலையும் நடையையும் பிடிவாதத்தையும் பெற்றவர்கள் மனதிலிருந்து எடுத்துக்கொண்டது. வளர்த்தியைக்கூட அம்மா வழியா அப்பா வழியா என்று பார்த்துச் சரியாகவே கணித்திருந்தது.

விஷயம் புரிந்ததும் ஷெரின் எழுந்து நின்றுவிட்டாள். "மன்னிச்சிடுங்க சார். மூணையும் அழிச்சிட்டு, ரெண்டு பேர்னு மாத்தி மறுபடி போட்டுடறேன். உங்க சம்மதம் வேணும்."

"தொட்டீங்கன்னா பாருங்க," என்றாள் செண்பகம். அப்படி ஓர் அதட்டலைத் தணிகைவேல் அவளிடம் கேட்டதேயில்லை.

ஷெரின் விதிமுறையைச் சொன்னாள். மூன்று நாளுக்குள் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்ததும் மற்ற இரண்டு நினைவும் அழிக்கப்படும். எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் மூன்றும் தானாகக் கரைந்துவிடும். தேர்ந்தெடுத்தது மட்டும், அந்த இடத்துக்கு நேரில் போகும்வரை இருக்கும். போய்த் தங்கியதும் நிஜ நினைவு அதன்மேல் ஏறிவிடும், பழைய சுவரில் சுண்ணாம்பு அடித்த மாதிரி.

மூன்று இடத்திலும் மூன்று நிறைமதி இருந்தாள். போர்னியோவின் மேற்குக் கரைக் கடல் விடுதியில் எதற்கெடுத்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், தனிக் கட்டில்தான் வேண்டும் என்று அழுதாள். கிழக்கே ஆற்றங்கரையில், மரத்தூண்கள் மேல் கட்டிய வீட்டில், ஏழு நாளும் சிரித்துக்கொண்டே இருந்தாள். படகில் போகும்போது நீள மூக்குக் குரங்கைக் காட்டி, "அப்பா, உங்க பெரியப்பா வந்திருக்காரு பாருங்க," என்று கத்தினாள். மலைச்சரிவில் முட்டைக்கோசுத் தோட்டத்துக்கு நடுவே இருந்த வீட்டில் இரண்டாம் நாளே காய்ச்சலில் படுத்துவிட்டாள். வெளியே விடாமல் மழை பெய்தது.

"ஆத்தங்கரைதான்," என்றான் தணிகைவேல், வீட்டுக்கு வந்ததும். "இதுல யோசிக்க என்ன இருக்கு? எப்படிச் சிரிச்சா பார்த்தல்ல?"

"மலைங்க."

"பைத்தியமா உனக்கு? அங்க கொழந்த படுத்த படுக்கையா கெடந்துச்சு. மருந்துக் கடை தேடி மழையில நான் நாயா அலைஞ்சேன்."

"நாலாம் நாள் எறங்கிடுச்சில்ல?" என்றாள் செண்பகம். "விடியக்காலைல வேர்த்துச்சு. சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. மாத்தி விட்டேன். கண்ணைத் தொறந்து, 'பசிக்குதும்மா'ன்னா. கஞ்சி குடுத்தேன், குடிச்சா. என் கையால குடிச்சாங்க."

ஆஸ்பத்திரியில் அவள் கண்ணாடிக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு, ஒரே ஒரு தடவை உள்ளே விடுங்கள் என்று கெஞ்சியது அவனுக்குத் தெரியும். அவர்கள் விடவில்லை. அந்தக் கை அன்றைக்குப் பிள்ளையின் நெற்றியைத் தொடவேயில்லை.

இருந்தாலும் இரண்டு நாள் சண்டை போட்டான். அவனுக்கும் நிறைமதி மகள்தானே. அந்தச் சிரிப்பை விட்டுக்கொடுப்பது அவளை இரண்டாம் முறை பறிகொடுப்பது போல இருந்தது. மூன்றாம் நாள் காலை, சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, மலைன்னே சொல்லிடலாம்," என்றான்.

முன்நினைவி நிலையத்தில் தொப்பியை மாட்டும் முன் ஷெரினிடம் ஒரு நிமிடம் கேட்டான். கண்ணை மூடி அந்தப் படகையும் குரங்கையும் மகளையும் ஒருமுறை முழுக்கப் பார்த்தான். பிறகு சரி என்று தலையசைத்தான். ஐந்து நிமிடம் கழித்து, தான் ஆற்றங்கரைக்காகச் சண்டை போட்டது மட்டும் அவனுக்கு ஞாபகம் இருந்தது. எதற்காக என்று தெரியவில்லை.

கிளம்பும்போது ஷெரின் வாசல் வரை வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நீங்க அங்க போகாதீங்க சார். போனா இதுவும் போயிடும். முன்நினைவு நல்லா இருந்தா நிறைய பேர் போறதேயில்ல. அந்தத் தீவுல பாதி விடுதி முழுசா முன்பதிவாகி, காலியாத்தான் கெடக்குது. யாரும் படுக்காத மெத்தைக்குத் தெனம் விரிப்பு மாத்தறாங்களாம்."

அவர்கள் போகவில்லை.

ஏழெட்டு மாதம் வீடு வீடாக இருந்தது. செண்பகம் இரண்டு வேளை சாப்பிட்டாள். தலை சீவிப் பூ வைத்துக்கொண்டாள். மாடி வீட்டுக்காரியிடம் மலையில் எப்படிக் குளிரும், முட்டைக்கோசு எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று கதை சொன்னாள். தணிகைவேல் ரயில் பணிமனையில் வேலை முடித்து வந்து அதைக் கேட்டபடி காப்பி குடிப்பான். அவனுக்கும் அந்த மழை ஞாபகம் இருந்தது. கஷ்டமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அந்த மலைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாதுங்க."

"என்ன சொல்ற?"

"அந்தக் குளிருதான் அவ உடம்புல தங்கிடுச்சு. எறங்கின மாதிரி எறங்கி, ஊருக்கு வந்ததும் மறுபடி வந்துதான நம்மள விட்டுப் போயிட்டா?"

அவன் பதறிப்போனான். "செண்பகம், அவ போனது ஒம்பது வயசுல. மலை அப்புறம். அது மெஷின் குடுத்தது."

"ஒம்பதா?" அவள் அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். "மலையில பன்னண்டு வயசுங்க அவளுக்கு. என் தோள் வரைக்கும் வளந்திருந்தா. உங்களுக்குத்தான் எல்லாம் மறந்து போச்சு."

அவன் மறுநாளே ஷெரினிடம் ஓடினான். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். "பாப்பாவ அடக்கம் பண்ணினப்ப மேடம் பார்த்தாங்களா?"

பார்க்கவில்லை. அவர்கள் பக்கத்தில் பெண்கள் மயானத்துக்குப் போகும் வழக்கமில்லை. செண்பகம் தெருமுனை வரை வந்தாள், நாலு பேர் பிடித்து நிறுத்திவிட்டார்கள். குழி வெட்டியதும் மகளை இறக்கியதும் மண் தள்ளியதும் தணிகைவேல் நினைவில் ஆணி அடித்தாற்போல் இருந்தன. அதனால் எந்த மலையாலும் அவற்றை நகர்த்த முடியவில்லை. செண்பகத்தின் நினைவில் மகள் ஒரு தெரு திரும்பினாள், அவ்வளவுதான். ஒன்பது வயதில் செத்தவள் பன்னிரண்டு வயதில் கஞ்சி குடிக்க முடியாதே. இரண்டில் வலுவில்லாத நினைவான சாவை மனம் பிடித்து இழுத்து மலைக்கு அப்புறம் போட்டுவிட்டது.

"நேர்ல கூட்டிட்டுப் போங்க சார். ரெண்டு பேரா ஏழு நாள் தங்கினா இது தானா சரியாயிடும்," என்றாள் ஷெரின். பிறகு தயங்கினாள். "ஆனா அந்தக் காய்ச்சல் எறங்கினதும் சேர்ந்து போயிடும்."

அவன் நடந்தே வீட்டுக்கு வந்தான். வழி முழுக்கப் போகலாமா வேண்டாமா என்று அல்லாடினான். செண்பகம் சமையலறைத் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் சிரிச்சு ஆடிட்டு வர எடமா பார்த்திருக்கலாம். நீங்க ஆத்தங்கரைன்னு தலபாடா அடிச்சுக்கிட்டீங்க. நான்தான மலைன்னு பிடிவாதம் பிடிச்சேன்? நான்தான என் கொழந்தைய..."

அவன் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டான். கூட்டிப் போனால் இந்த அழுகை நின்றுவிடும். அந்தக் கஞ்சியும் நின்றுவிடும். அவள் மறுபடியும் கண்ணாடிக் கதவின் இந்தப் பக்கம் வந்து நிற்பாள், வேறு எதுவும் இல்லாமல்.

"நீ இல்ல," என்றான். "மலைன்னு சொன்னது நான்."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"நீ ஆத்தங்கரைன்னுதான் சொன்ன. எவ்வளவோ சொன்ன. நான்தான் கேக்கல."

"நானா சொன்னேன்?"

"ஆமா. ரெண்டு நாள் சண்டை போட்ட."

அவள் வெகுநேரம் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சண்டை அவளுக்கு ஞாபகம் இருந்தது. இப்போது அதில் யார் என்ன சொன்னார்கள் என்பதை மனம் மெல்ல இடம் மாற்றி வைப்பது அவனுக்குக் கண்ணெதிரே தெரிந்தது. பிறகு அவள் தன் கைகளை அவன் பிடியிலிருந்து உருவிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு செண்பகம் தன்னைத்தானே அடித்துக்கொள்ளவில்லை. வேளைக்குச் சோறு வடித்து அவனுக்குத் தட்டில் போட்டு வைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அவனோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. உள்ளே மகளுக்குக் கஞ்சி ஊட்டுகிற குரல் மட்டும் கேட்கும். அவன் தட்டின் முன்னால் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுகிறான்.