குழாயடிப் பெட்டி

காலை ஏழு மணிக்கு வாத்தியாரின் ஆள்காட்டி விரல் கதவு நிலைக்குள் போனது.

வெளியே பெயின்ட் பளபளவென்று ஒழுங்காகத்தான் இருந்தது. சும்மா தட்டிப் பார்க்கலாமென்று தொட்டவருக்கு, விரல் பாதி உள்ளே இறங்கிவிட்டது. இழுத்துப் பார்த்தால் நகத்தில் ஈர மண்ணும் நெளிகிற வெள்ளைப் பூச்சி இரண்டும்.

கணக்கு வாத்தியார் அவர். கூட்டல் தப்பினால்கூட மன்னிப்பார், சொன்னதைச் செய்யாதவனை மன்னிக்கவே மாட்டார். வீட்டைச் சுற்றிக் கரையானுக்குப் பெட்டி வைத்த கம்பெனி சொன்னதைச் செய்யவில்லை என்று அந்த நிமிஷமே தீர்ப்பாகிவிட்டது. பல்கூடத் தேய்க்காமல் போனை எடுத்து மேனேஜரைப் பிடித்தார்.

"நீங்க வெச்சது டூப்ளிகேட் மருந்து. நேர்ல வந்து பாருங்க. அந்தப் பொண்ணை இன்னும் வேலையில வெச்சிருந்தீங்கன்னா உங்க கம்பெனியையும் கரையான் அரிச்சிடும்."

மதியம் வருவதாக மேனேஜர் சொன்னார். வாத்தியார் திருப்தியாகப் பல் தேய்க்கப் போனார்.

கூடத்து சோபாவில் போர்வைக்குள் இருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. வாத்தியாரின் தங்கை, போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். அண்ணன் வீட்டில் வந்து தூங்கித் தீர்க்க வேண்டுமென்றே லீவு போட்டவள். இந்தக் குடும்பத்தில் யார் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்கள், இவள் தூங்க?

பத்து மணி சுமாருக்குப் பெட்டிக்காரப் பொண்ணு வந்து சேர்ந்தாள். பெட்டி வைக்க வந்த நாளிலிருந்து வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். ஸ்கூட்டரை நிறுத்தும்போதே முகம் வாடியிருந்தது.

"எனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகல மேடம்," என்றாள் சப்-இன்ஸ்பெக்டரிடம். "ஒரு புகார் வந்தாலும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. இந்த வேலைக்காக எங்கப்பாகிட்ட சண்டை போட்டு வந்தவ நான். பூச்சி பிடிக்கற வேலைக்கா படிச்சேன்னு கேட்டார். இப்ப எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போறது?"

"மூஞ்சியை அப்புறம் பாக்கலாம். முதல்ல பெட்டியைக் காட்டு."

சுவரை ஒட்டினாற்போல் மண்ணில் அங்கங்கே பெட்டிகள் புதைந்திருந்தன. வட்டமான பச்சை மூடி மட்டும் வெளியே தெரியும். மூடி நடுவில் சாவி போட ஒரு ஓட்டை.

"சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட மட்டும்தான். அதனாலதான் சார் என்னைச் சொல்றார்."

"உள்ள இருக்கற மருந்து கெட்டுப் போகுமா?"

"அது மருந்து இல்ல மேடம், விருந்து. நாங்க அப்படித்தான் சொல்வோம். கரையானுக்கு மரத்தைவிட இது ருசி. ஆற அமரத் தின்னும், கூட்டுக்குப் போய் மத்ததுக்கும் ஊட்டும். அதுக்கப்புறம்தான் ஒண்ணாலயும் தோலுரிக்க முடியாம மொத்தக் கூட்டமும் மெதுவா அழியும். உடனே செத்தா மத்ததெல்லாம் உஷாராகி வேற பக்கம் ஓடிடும்."

"அதாவது, நல்லா கவனிச்சு அனுப்பறீங்க."

பெண்ணுக்கு அன்று முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

வாசல் பக்கத்துப் பெட்டியைத் திறந்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. போன தடவை வரும்போது இதே பெட்டியில் கை வைக்க இடமில்லாமல் கரையான் மொய்த்ததாம். இப்போது பாதி தின்ற தீனி காய்ந்து கிடந்தது, ஒரு பூச்சி இல்லை. அடுத்த பெட்டியும் அப்படியே. அதற்கடுத்ததும். பந்தியில் உட்கார்ந்தவர்கள் பாதியில் எழுந்து போன மாதிரி இருந்தது.

"செத்திருந்தா நல்லதுதானே?"

"செத்திருந்தா கதவு நிலையில எப்படி மேடம் இருக்கும்? எதையோ பாத்து பயந்து ஓடியிருக்கு. பிடிக்காத வாசனை எதாவது பட்டாக்கூட வராது. அதுக்குத்தான் நாங்க கையுறை போட்டுத் திறக்கறோம்."

சப்-இன்ஸ்பெக்டர் குந்தி உட்கார்ந்தாள். பச்சை மூடியைச் சுற்றி மண்ணில் எறும்புகள் செத்துக் கிடந்தன. ஒரு கரப்பான்பூச்சி மல்லாந்திருந்தது. அவள் அதை மனசில் குறித்துக்கொண்டாள்.

கடைசிப் பெட்டி கொல்லைப்புறக் குழாயடியில் இருந்தது. வாத்தியாரும் கையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்து நின்றார். மூடியைத் திறந்ததும் மூன்று பேரும் குனிந்தார்கள். உள்ளே கரையான் கொப்புளித்தது. தீனி முக்கால்வாசி காலி. மூடிமேல் உயிரோடு எறும்புகள் ஊர்ந்தன.

அந்தச் சமயம் பார்த்துக் குழாய்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு தவளை, உள்ளங்கை பெரிசு இருக்கும், தொப்பென்று குதித்து வெளியே வந்தது.

திரும்பிப் பார்த்தால் வாத்தியாரைக் காணோம்.

"போன் அடிக்குது," என்று வாசல் பக்கத்திலிருந்து குரல் வந்தது. அவர் போனோ கொல்லைப்புற ஜன்னல் விளிம்பில் கம்மென்று கிடந்தது.

"இந்தத் தவளை எப்பவும் இங்கதான் இருக்குமா?" என்று பெட்டிக்காரப் பொண்ணைக் கேட்டாள் சப்-இன்ஸ்பெக்டர்.

"நான் வரும்போதெல்லாம் இருக்கும் மேடம். பாவம், ஒண்ணும் செய்யாது."

விசாரணை சமையலறையில் தொடங்கியது. அண்ணி ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் செருப்புமாக நின்றாள்.

"பெட்டியைத் தொட்டீங்களா அண்ணி?"

"நான் ஏன் தொடறேன்? அந்தப் பொண்ணு என்கிட்ட தெளிவா சொல்லிட்டுப் போனா. அக்கா, நீங்க யாரும் ஒண்ணும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தா போதும்னு. சும்மா இருங்கன்னு இந்த வீட்டுல என்கிட்ட சொன்ன ஒரே ஆள் அவதான். அவ வேலை போச்சுன்னா எனக்கு மனசே ஆறாது."

"சோப்புத் தண்ணி எங்க கொட்டறீங்க?"

"குழாயடியிலதான். ஏன்?" என்றவள் பளாரென்று மேடையில் செருப்பால் அடித்தாள். "கரப்பான் தொல்லை தாங்கல. ஸ்ப்ரே டின் புதுசு, நேத்து எடுத்து அமுக்கினா காத்துதான் வருது. கடைக்காரன் காலி டின்னைத் தலையில கட்டிட்டான். இன்னொண்ணு வாங்கிட்டு வாங்கன்னா உங்கண்ணன் காதுலயே போட்டுக்கல."

அடுத்து மாமனார், அதாவது அண்ணியின் அப்பா. ரயில்வேயில் கார்டாக இருந்து ரிடையர் ஆனவர். செய்தித்தாளை இறக்காமலே பேசினார்.

"கேக்கறது போலீஸா, சம்பந்தி வீட்டுப் பொண்ணா?"

"சம்பந்தி வீட்டுப் பொண்ணுதான் மாமா. சிகரெட்டை எங்க பிடிக்கறீங்க?"

செய்தித்தாள் இறங்கியது. அவர் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "குழாயடிக்குப் பின்னால. என் பொண்ணுக்குத் தெரிஞ்சா தொலைச்சுக் கட்டிடுவா. பெட்டி பக்கமெல்லாம் நான் போகலம்மா."

கடைசியாக அண்ணன். வராண்டாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"பெட்டியைத் தொட்டியா அண்ணா?"

"என் விரல்கூடப் படல. என்னை ஏன் கேக்கற? புகார் கொடுத்தவனே நான்தான். எங்க ஸ்கூல்ல இடைவேளை நேரம், பசங்க கத்தற கத்தல்ல போன் பண்ணினா அந்தப் பொண்ணு. அவ சொன்னதை நான் ஒரு நாள் தவறாம செஞ்சேன். அவ வேலையை அவ செய்யல. அவ்வளவுதான் விஷயம்."

சப்-இன்ஸ்பெக்டர் அண்ணனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ச் சாப்பிட்டுவிட்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டாள். லீவு லீவுதானே.

மதியம் மேனேஜர் வந்தார். அவசரத்தில் இருந்தவர் உட்காரவே இல்லை.

"விசாரணையெல்லாம் வேண்டாம் மேடம். சாவி இவகிட்ட மட்டும். தீனி வேலை செய்யல. புகாரை வாங்கிட்டு இவளை அனுப்பிட்டா எனக்கு வேலை முடிஞ்சுது."

பெட்டிக்காரப் பொண்ணு கையுறையைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்தாள். அதைப் பார்க்க அண்ணிக்குத் தாங்கவில்லை.

"ஒரு நிமிஷம்," என்றாள் சப்-இன்ஸ்பெக்டர். "ஒரு பெட்டியில மட்டும் கரையான் விருந்து சாப்பிட்டுட்டு இருக்கு. அதே தீனி, அதே கை வெச்சது. அப்ப தீனியில தப்பில்ல. மத்த பெட்டிகளுக்கு யாரோ எதையோ பண்ணியிருக்காங்க. அண்ணி சோப்புத் தண்ணி ஊத்தறது குழாயடியில. இன்னொருத்தர் புகை விடறதும் அங்கதான்."

"யாரு?" என்றாள் அண்ணி.

மாமனார் செய்தித்தாளுக்குள் போனார்.

"அதை அப்புறம் விசாரிங்க அண்ணி. அவங்க ரெண்டு பேராலயும் கெட்டிருந்தா முதல்ல கெட்டிருக்க வேண்டியது குழாயடிப் பெட்டி. அது மட்டும்தான் தப்பிச்சிருக்கு. அதனால அவங்க ரெண்டு பேரும் இல்ல. குழாயடிப் பக்கமே போகாத ஆள் யாரோ, அவர்தான். அங்க ஒரு தவளை இருக்கு."

குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்த வாத்தியாரின் நடை நின்றது.

"மத்த மூடிகளைச் சுத்தி எறும்பு செத்துக் கிடக்கு. பெட்டியைத் தொட வேண்டாம், திறக்க வேண்டாம். சாவி ஓட்டையில ஸ்ப்ரே டின் மூக்கை வெச்சு அமுக்கினா போதும். அண்ணி, கடைக்காரன் மேல தப்பில்ல, டின் நம்ம வீட்டுலயேதான் காலியாச்சு. அண்ணா, யாராவது பெட்டியைத் தொட்டீங்களான்னுதான் எல்லாரையும் கேட்டேன். நீயும் உண்மையைத்தான் சொன்ன. கேள்வியிலதான் கோட்டை விட்டேன்."

"நானா?" என்றார் வாத்தியார். "அவ சொன்னதைத்தானே செஞ்சேன்."

"அங்கதான் மாட்டிக்கிட்ட. இந்தப் பொண்ணு ஒண்ணும் செய்ய வேண்டாம், சும்மா இருங்கன்னு சொல்லியிருக்கா. நீயோ ஒரு நாள் தவறாம செஞ்சேங்கற. சும்மா இருக்கறதை ஒரு நாள் தவறாம எப்படிண்ணா செய்யறது?"

சப்-இன்ஸ்பெக்டர் பெட்டிக்காரப் பொண்ணு பக்கம் திரும்பினாள். "போன்ல இவர்கிட்ட என்ன சொன்ன? அதே வார்த்தையில சொல்லு."

அவள் யோசித்தாள். "பெட்டியில கரையான் நிறைய வருதுன்னு சொன்னேன். பயமா இருக்குன்னு சார் சொன்னார். பயப்படாதீங்க சார், தினமும் விருந்து நடக்கணும், ஒரு நாள்கூட நிக்கக் கூடாதுன்னு..." பாதியிலேயே நிறுத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்கு அப்படிக் கேக்கல," என்றார் வாத்தியார் மெதுவாக. "தினமும் மருந்து அடிக்கணும்னு கேட்டுது."

அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டாள். "நான் டின்னைக் கேட்டப்போ வாயைத் திறந்திருக்கலாமே?"

"டின்னைக் காலி பண்ணிட்டேன்னு சொன்னா நீ திட்டுவ."

மாமனார் செய்தித்தாளுக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை.

"அப்ப புகார் என்ன சார் ஆகுது?" என்று கேட்டார்.

வாத்தியாருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. வகுப்பில் எத்தனை பிள்ளைகளை எழுந்து நின்று ஒப்புக்கொள்ள வைத்திருப்பார். இப்போது அவர் நின்றார். எவ்வளவு கஷ்டமான காரியம் என்று அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது.

"சொன்னதைச் செய்யாதது நான்தான். இந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் கிடையாது. குழாயடிப் பெட்டியைப் போய்ப் பாருங்க, இவ எவ்வளவு ஒழுங்கா வேலை செஞ்சிருக்கான்னு தெரியும்." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "உன் பொழைப்புல மண்ணைப் போடப் பாத்தேன்ம்மா. மன்னிச்சிடு."

பெட்டிக்காரப் பொண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது. மேஜைமேலிருந்த கையுறையை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"பரவாயில்ல சார். அந்த இடத்துல மண்ணெல்லாம் ஸ்ப்ரே இறங்கியிருக்கும். பெட்டியைக் கொஞ்சம் தள்ளிப் புது இடத்துல வெச்சுக்கலாம். குழாயடிப் பெட்டி ஒண்ணு தப்பிச்சதே பெரிய விஷயம். அந்தத் தவளைக்குத்தான் நாம நன்றி சொல்லணும்."

"அது நீங்க சொல்லிடுங்க," என்றார் வாத்தியார்.

மேனேஜர் குழாயடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, முதல் தடவையாக உட்கார்ந்து காப்பி கேட்டார். போகும்போது, அடுத்த மாதமே அவளை நிரந்தரமாக்கச் சொல்லப் போவதாக அண்ணியிடம் சொன்னார்.

மாதங்கள் போயின. கதவு நிலையை மாற்றினார்கள். புதுப் பெட்டிகளில் கரையான் வந்தது, மொய்த்தது, ஒரு நாள் எங்கேயும் இல்லாமல் போனது. குழாயடிப் பெட்டியும் காலி. சப்-இன்ஸ்பெக்டர் அடுத்த லீவுக்கு வந்து அதே சோபாவில் போர்வையை இழுத்துக்கொண்டபோது, பெட்டிக்காரப் பொண்ணு புதுச் சட்டையில், நெஞ்சில் கம்பெனி அடையாள அட்டையோடு, வீட்டைச் சுற்றித் தட்டிப் பார்த்து முடித்தாள்.

"சுத்தமா போயிடுச்சு சார். நான் சொன்னபடி இருந்தீங்களா?"

வாத்தியார் நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஒரு நாள் தவறாம சும்மா இருந்தேன்," என்றார்.