ஆறாயிரம் கிலோமீட்டர் சாட்சி

துணி மூட்டையைப் புரட்டிய சுமைக்காரன் அலறினான்.

அடியில் ஒரு கை!

கடைக்காரன் யோரோவின் கை. கழுத்தை நெரித்திருந்தார்கள். நோன்புக் களைப்பில் டாக்கர் சந்தையே சுருண்டு கிடந்த மாலை நாலு மணிக்கு!

மறுநாள் ஸ்டேஷனில் யோரோவின் மச்சான் பிராம் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூலையில் அவன் மனைவி அய்தா. செத்தவனின் தங்கை. கன்னத்தில் பழைய காயம்.

"உன் பொண்டாட்டிய இனி உன் வீட்ல விடமாட்டேன்னு யோரோ சந்தையில கத்தினானாமே?" என்றார் இன்ஸ்பெக்டர் பாஜான்.

"கத்தினான். ஆனா நேத்து நாலு மணிக்கு நான் வானத்துல இருந்தேன், சார்! அடிஸ் அபாபாலேருந்து இங்க ஆறாயிரம் கிலோமீட்டர். எட்டரை மணி நேரம். பாஸ்போர்ட்ல முத்திரை இருக்கு பாருங்க!"

இருந்தது. விமானம் டாக்கர் நேரப்படி காலை பத்தரைக்குக் கிளம்பி, மாலை ஏழு மணிக்குத்தான் இறங்கியிருந்தது.

போட்டோதான் பழசு. அவன் தம்பிக்கும் அதே மூஞ்சி; இதே பாஸ்போர்ட்டில் தம்பி பறந்து வந்திருக்கலாம். ஆனால் மூஞ்சியை வைத்து வழக்குப் போட முடியுமா?

பாஜான் பெருமூச்சு விட்டார்.

"நோன்போட எட்டரை மணி நேரமா? கஷ்டமாச்சே!"

"அல்லாஹ் தாங்க வச்சான், சார்! என் வாட்சுல ஆறரை. ஜன்னல்ல இருட்டினதும் பேரீச்சம்பழம் வாயில போட்டேன்..."

பாஜான் நிமிர்ந்தார்.

"இருட்டுச்சா? சூரியனைத் துரத்திக்கிட்டே மேற்க வர்ற விமானம்யா அது! இறங்கும்போதும் சூரியன் கடல் மேல நின்னுச்சு. நோன்பு வச்சவங்க எல்லாம் தரையிறங்கித்தான் திறந்தாங்க!"

மணி உருள்வது நின்றது.

ஒரு நொடிதான்... பிராம் தலையைக் குனிந்தான்.

"வெக்கமா இருக்கு, சார். பசி தாங்கல... பகல்லயே சாப்பிட்டேன். பயணிக்குத்தான் சலுகை உண்டே! பொண்டாட்டி முன்னாடி சொல்லக் கூசித்தான் பொய் சொன்னேன்."

பாஜான் பல்லைக் கடித்தார். உடைக்க முடியாத பதில்! பாஸ்போர்ட்டைத் திருப்பி நீட்டினார்.

"பொய்!"

அய்தா எழுந்துவிட்டாள்.

"இவரா பகல்ல சாப்பிட்டாரு? சார்... போன நோன்புக்கு நான் ஆறு மாசக் கர்ப்பம். காய்ச்சல். ஒரு வாய் தண்ணி குடிச்சேன். அதுக்கு உதைச்சாரு. புள்ள தங்கல. சலுகை உண்டுன்னு அன்னைக்கு நானும்தான் கெஞ்சினேன்!"

"வாய மூடுடி!"

"பயணத்துலயும் முறிக்காத ஆளு, சார். தலைய வெட்டினாலும் முறிக்க மாட்டாரு!"

"முறிக்கலடி!" பிராம் மேஜையில் அறைந்தான். "நேத்தும் முறிக்கல! அந்தத் தடிப்பய தம்பி... வழியெல்லாம் வெளிச்சமா இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னானா?"

சொன்ன பிறகுதான் தன் வாயைத் தானே பொத்தினான்.

பாஜான் விலங்கை எடுத்தார்.

அய்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அழவில்லை.

"ஜெயில்ல இவருக்குப் பகல்ல சோறு போட்டுடாதீங்க, சார். பாவத்துக்கு ரொம்பப் பயந்த மனுஷன்!"