பிந்தி வரும் ஆமென்

ஆம்ப்ரோஸ் “ஆமென் சேசு” என்றார். ஃப்ளோரன்ஸும் சொன்னாள். இரண்டே பேர் இருந்த அந்த வீட்டில், ஒரு மூச்சு பிந்தி, மூன்றாவதாக ஓர் ஆமென் கேட்டது.

அவள் கணவர் ஆம்ப்ரோஸ் ஒன்றும் கேட்காதவராய் முழங்காலைத் தட்டிக்கொண்டு சாப்பிடப் போனார். ஃப்ளோரன்ஸ் மாதா படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டபடியே இருந்தாள். மகள் நோரா அப்படித்தான். ஜெபத்தை வாய்க்குள் மென்று மென்று, பெரியவர்கள் முடித்த பிறகுதான் முடிப்பாள்.

தகப்பனார் சாவுக்காக ஆம்ப்ரோஸ் மதராஸ் வந்திருந்த நேரத்தில், அவர்கள் குடியிருந்த ரங்கூனில் குண்டு விழுந்தது. ஐந்து வயது நோராவைக் கூட்டிக்கொண்டு ஃப்ளோரன்ஸ் ஜனங்களோடு ஜனமாகக் காடும் மலையும் நடந்தாள். சாந்தோமுக்கு வந்து சேர்ந்தபோது அவள் கை வெறுங்கை. “காய்ச்சல்ல போயிட்டா” என்றாள். அந்த நல்ல மனுஷர் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

அதன்பின் மழை பெய்தால் அவள் கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கினாள். தெருவில் மாட்டுவண்டி போனால் அலறினாள். பேய் பிடித்திருக்கிறது என்று அக்கம்பக்கம் சொன்னது. ஆம்ப்ரோஸ் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், லஸ் பக்கம் வைத்தியம் பார்த்த டாக்டர் சிதம்பரநாதனிடம் கூட்டிப் போனார். யுத்த ஆஸ்பத்திரியில் சிப்பாய்களைப் பார்த்தவர் அவர்.

“மனசுல பட்டதும் காயந்தாம்மா. மூடி வெச்சா சீழ் பிடிக்கும். நடந்தத நடந்தபடி சொல்லிப் பாருங்க. அவசரமே இல்ல” என்றார்.

மருந்தும் கிடையாது, பொடியும் கிடையாது, வெறும் பேச்சு. இது என்ன வைத்தியம் என்று ஊர் சிரித்தது. ஆனால் வாரா வாரம் போய்ப் பேசினாள். சேற்றைப் பற்றி, வழியோரம் கிடந்தவர்களைப் பற்றி, ஈக்களைப் பற்றி. தூக்கம் வந்தது. மழையில் ஜன்னலருகே நிற்கக்கூட முடிந்தது. ஒரே ஒரு திருப்பத்தில் மட்டும் கதை நின்றுவிடும். டாக்டர் அவளை அவசரப்படுத்தவில்லை.

“எங்கிட்டயே சொல்லணும்னு இல்லம்மா. யாருகிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட சொல்லுங்க. அப்பத்தான் அந்த ரோடு முடியும்.”

எப்படிச் சொல்வாள்? சொன்னால் இந்த மனுஷரும் போய்விடுவார். வேறு யார் இருக்கிறார்கள் அவளுக்கு?

அவள் வந்து சேர்ந்த நாலாம் வருஷம் நவம்பர் பிறந்தது, மரித்தவர்களின் மாதம். கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்ற மகளுக்குக் கல்லறை இல்லையே என்று, ஆம்ப்ரோஸ் தினமும் வீட்டிலேயே ஒன்று ஏற்றி, பெயர் சொல்லி ஜெபித்தார். ஏற்றிய முதல் நாளே அந்த ஆமென் வந்துவிட்டது. முதலில் வாசல் பக்கம். பிறகு அலமாரிக்குப் பின்னால். இப்போது அவள் தோளருகே, காய்ச்சல்காரப் பிள்ளையின் மூச்சுச் சூட்டோடும், கடற்காற்றையும் மெழுகு வாசனையையும் அமுக்கிவிட்டு எழுந்த பழைய காட்டுச் சேற்று வாடையோடும்.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் மழை பிடித்தது. ஆம்ப்ரோஸ் மெழுகுவர்த்தியை ஏற்றி முழந்தாளிட்டார்.

“நோராவுடைய ஆத்துமம் சமாதானத்தில் இளைப்பாற...”

“வேணாங்க.” ஃப்ளோரன்ஸ் எழுந்து நின்றுவிட்டாள். “செத்தவங்களுக்குச் சொல்றத அவளுக்குச் சொல்லாதீங்க. அவ சாகலைங்க. உடம்பு கொதிச்சிக்கினு இருந்தது. என்னால தூக்க முடியல. என் சீலையப் பிடிச்சிக்கினு இருந்தா. விரல ஒவ்வொண்ணா பிரிச்சி எடுத்தேன். ‘அம்மா’ன்னு கூப்ட்டா. நான் திரும்பிப் பாக்கலைங்க.”

சொல்லியாயிற்று. டாக்டர் சொன்னது போலவே நெஞ்சு ஒரு கணம் லேசாயிற்று. அவர் அடிப்பார், அழுவார் என்று காத்திருந்தாள். அவர் அசையவில்லை.

சீலை இழுபட்டது.

அந்தக் காட்டில் அவள் முழங்காலுக்குச் சற்று மேலே பிடித்திருந்த கை. இப்போது இடுப்பில் இருந்தது.

செத்த பிள்ளை வளராது.

ஆம்ப்ரோஸ் மெதுவாகத் திரும்பினார். அவர் பார்த்தது அவளை அல்ல. அவளுக்குப் பக்கத்தில். கொஞ்சம் கீழே.

அவள் சுவரைப் பார்த்தாள்.

முழந்தாளிட்ட நிழல் ஒன்று. நின்ற நிழல் ஒன்று. அதை ஒட்டி, மார்பு உயரத்தில், இன்னொன்று.

யாரும் ஜெபத்தை முடிக்கவில்லை. “ஆமென்” என்றது அது.

அதன் விரல்கள் ஒவ்வொன்றாக அவள் சீலையில் மடங்கின.