கடுகு மேடை ஏறுவாள்

"ஆ...!"

உடை மாற்றும் அறையிலிருந்து வந்த அலறலில் வாசல் காவலாளியின் டீ சிந்தியது.

உள்ளே, கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தாள் அந்தக் குத்துச்சண்டை வீராங்கனை. ஆள் பொடிசு. கிளப்பில் அவளுக்குக் கடுகு என்று பெயர். காரம் அப்படி.

மாலையில் இறுதிப் போட்டி. ஜெயித்தால் உலகப் போட்டிக்குப் போகலாம்.

எதிரே ஊக்கமருந்து சோதனை அதிகாரி. கண்ணாடி போட்ட பெண்மணி. பக்கத்தில் மாஸ்டர், கடுகுக்குக் குத்தக் கற்றுக்கொடுத்தவர்.

"முந்தாநாள் நீ குடுத்த சிறுநீர்ல நீர் மாத்திரை இருக்கு. எடை குறைக்கவும், வேற மருந்தை மறைக்கவும் போடறது. நீ மேடை ஏற முடியாது."

"ஏறுவேன்."

"என்னம்மா திமிரு?"

"எடை கூட்டத்தான் மேடம் நான் முக்கிக்கிட்டிருக்கேன். குறைக்க எதுக்கு மாத்திரை?"

மாஸ்டர் பெருமூச்சு விட்டார். "பெத்த பொண்ணு மாதிரி வளர்த்தேன். நான் கலக்கற தண்ணியத் தவிர எதையும் தொட விட்டதில்ல... ஒரு நிமிஷம் மேடம்."

பாத்ரூமுக்கு ஓடினார். காலையிலிருந்தே இந்த ஓட்டம்தான்.

திரும்பி வந்தபோது கடுகு எழுந்து நின்றிருந்தாள். வலியில் கண் கலங்கியது. துடைக்கவில்லை.

"இந்தப் பிடிப்பு எதனால மேடம்?"

"அந்த மாத்திரை உப்பை உடம்புல தங்க விடாது. சிறுநீரகம் வழியா வெளிய தள்ளிடும். உப்பு போற வழியில தண்ணியும் போகும், பொட்டாசியமும் போகும். அது குறைஞ்சா தசை இழுக்கும். ரொம்பக் குறைஞ்சா இதயமே தாறுமாறா துடிக்கும். ஆள் போயிடலாம்."

மாஸ்டருக்கு வியர்த்தது.

"எனக்குத் தடை விழுந்தா, உலகப் போட்டிக்கு அடுத்த பேரு உங்க பொண்ணுதானே மாஸ்டர்?" கடுகின் குரல் உடையவில்லை.

"என்ன பேசற நீ?"

"நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி பாட்டில். எனக்குச் சிவப்பு மூடி, உங்களுக்கு நீலம். நேத்து ராத்திரி முழுக்க பாத்ரூம்லயே கிடந்தேன். சந்தேகம் வந்துச்சு. காலையில நீங்க கலக்கி வெச்சதும் மூடிய மாத்திட்டேன். நீங்க ஒண்ணும் போடலைன்னா, உங்களுக்கு ஒண்ணும் ஆகாது இல்ல?"

மாஸ்டரின் கை நெஞ்சுக்குப் போனது.

"அடிப்பாவி! எனக்கு ஏற்கெனவே ஹார்ட் கோளாறு! நாலு மாத்திரை போட்டிருக்கேன்டி அதுல!"



நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

அதிகாரி ஆம்புலன்ஸுக்கு போன் போட்டாள்.

"மேடம், நான் மேடை ஏறலாமா?"

"முதல்ல டாக்டர் உன்னைப் பாக்கட்டும். தடைய நான் பேசிக்கறேன்."

பையிலிருந்து சீல் உடைக்காத சிறுநீர் சாம்பிள் பாட்டிலை எடுத்து மாஸ்டரிடம் நீட்டினாள்.

"இதுக்கு மணிக்கணக்கா முக்கறவங்களத்தான் பாத்திருக்கேன் சார். உங்களுக்கு அந்தக் கஷ்டமே இல்ல."